இன்சுலினுக்கு முன்னால்: சர்க்கரை நோய்க்குப் பட்டினி போட்ட காலம்

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால் சர்க்கரை நோயாளிகளைப் பட்டினி போட்டு வைத்தியம் பார்த்தார்களாமே, அது நிஜமா, அதில் யாராவது பிழைத்தார்களா, பிழைத்திருந்தால் டைப் 1 வந்த குழந்தைகளுக்கு இன்றைக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிஜம்தான். ஏதோ மூலையில் இருந்த போலி வைத்தியர்கள் செய்த வேலையும் இல்லை. 1914 முதல் 1922 வரை அமெரிக்காவின் தலைசிறந்த மருத்துவமனைகளில், அந்தத் துறையின் முதல் வரிசை மருத்துவர்கள் கொடுத்த சிகிச்சை அது. சிலர் பிழைக்கவும் செய்தார்கள்; பட்டினி இழுத்துப் பிடித்துக் கொடுத்த அவகாசத்துக்குள் இன்சுலின் வந்து சேர்ந்ததால் பிழைத்தார்கள். கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: போதாது. ஏன் போதாது என்பதற்கான சாட்சியம் முழுக்க இந்த வரலாற்றிலேயே இருப்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று நாம் டைப் 1, டைப் 2 என்று பிரிக்கிற இரண்டும் அன்று ஒரே நோயாகத்தான் பார்க்கப்பட்டன. டைப் 1இல், உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும். டைப் 2இல் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் உடம்பு அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. பெரும்பாலும் நடுவயதுக்கு மேல், எடை கூடியவர்களுக்கு வரும். அன்றைய மருத்துவர்களுக்குத் தெரிந்தது 'கடுமையானது', 'லேசானது' என்ற அளவு வித்தியாசம் மட்டும்தான். லேசானதுக்குப் பலித்த பத்தியம் கடுமையானதுக்கு ஏன் பலிக்கவில்லை என்று கேட்டால், இன்னும் கடுமையாகப் பத்தியம் இருக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றிய பதில். அந்தப் பதிலின் பின்னால் போன கதைதான் இது.

1797இல் ஜான் ரோலோ என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் கேப்டன் மெரெடித் என்பவருக்குக் கொடுத்த பத்தியத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார். காலையில் பால், சுண்ணாம்பு நீர், கொஞ்சம் ரொட்டி, வெண்ணெய். மதியம் ரத்தமும் கொழுப்பும் மட்டும் சேர்த்துச் செய்த புட்டிங். அடுத்த வேளைக்குப் பழைய இறைச்சி, அதுவும் வயிறு தாங்குகிற அளவுக்குக் காறல் அடித்த பன்றிக் கொழுப்போடு. மெரெடித்துக்கு உடம்பு தேறியது. அவர் நோய் வருவதற்கு முன் நல்ல பருமன். அதாவது இன்றைய கணக்கில் டைப் 2 ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்தால் சிறுநீரில் சர்க்கரை குறைகிறது என்று ஒழுங்காகப் பதிவு செய்த முதல் ஆட்களில் ரோலோ ஒருவர். அந்தக் காறல் கொழுப்பை எத்தனை பேர் தொடர்ந்து விழுங்கியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அப்புறம் பாரிஸில் அப்பொலினேர் பூஷார்தா. அடிப்படையில் மருந்தியல்காரர், பிறகு சுகாதாரத் துறைப் பேராசிரியர். 1870-71இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டு நகரமே சாப்பாட்டுக்குத் திண்டாடியபோது, தம்முடைய நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை அடியோடு காணாமல் போனதைக் கவனித்தார். ஆக, எதைச் சாப்பிடுகிறோம் என்பது மட்டுமல்ல, மொத்தம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. முடிந்தவரை குறைவாகச் சாப்பிடுங்கள், உடம்பை அசைத்து வேலை செய்யுங்கள், உங்கள் சிறுநீரை நீங்களே சோதித்துப் பாருங்கள் என்றார். நூற்றைம்பது வருடம் கழித்தும் இதில் அடித்துத் திருத்த அதிகம் இல்லை. இவரை நம் காலத்தில் யாரும் பெரிதாக நினைவு வைத்திருப்பதில்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

எல்லோரும் இப்படித் தெளிவாக இருக்கவில்லை. அதே பாரிஸில் பியோரி என்ற மருத்துவர் 1850களில், சிறுநீரில் போகிற சர்க்கரையை ஈடுகட்ட நிறையச் சர்க்கரை சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேப்பிள்ஸில் கந்தானி நோயாளிகளை அறையில் வைத்துப் பூட்டிப் பத்தியம் காக்க வைத்தார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் நவ்னின் என்ற மேதையும் மாதக்கணக்கில் பூட்டி வைத்திருக்கிறார். 1900களின் தொடக்கத்தில் ஃபான் நோர்டன் ஓட்ஸ் கஞ்சி வைத்தியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். உருளைக்கிழங்கு வைத்தியம், பால் வைத்தியம், அபின் எல்லாம் வந்து போயின.

இவற்றில் கொஞ்சமாவது தர்க்கம் இருந்த பத்தியங்களில்கூட ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மாவுச்சத்தை வெட்டியவர்கள், அந்தக் கலோரியை ஈடுகட்டக் கொழுப்பைத் தாராளமாகக் கொடுத்தார்கள். இன்சுலின் அறவே இல்லாத உடம்பில் கொழுப்பு முறைப்படி எரியாது. கீட்டோன் என்ற அமிலப் பொருட்கள் ரத்தத்தில் குவியும். மூச்சில் பழவாசனை வரும், வாந்தி வரும். பிறகு ஆழமாக, இழுத்து இழுத்து, ஓடிக் களைத்தவரைப் போல மூச்சு வாங்கும். படுக்கையில் அசையாமல் கிடக்கிற நோயாளி அப்படி மூச்சு வாங்குவதை 1874இல் குஸ்மால் விவரித்து எழுதினார்; இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறோம். அடுத்தது கோமா, அதற்கடுத்தது மரணம். 10 வயதுப் பிள்ளைக்கு இந்த நோய் என்று தெரிந்தால், இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் என்பதுதான் அன்றைய நிலவரம்.

1889இல் மெரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை முழுவதும் எடுத்துவிட, அதற்குக் கடுமையான சர்க்கரை நோய் வந்தது. கோளாறு கணையத்தில் என்பது அதோடு முடிவாகிவிட்டது. கணையத்தில் இருக்கும் அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் ஃபிரெடெரிக் மாடிசன் ஆலன் வருகிறார்.

ஆலன் 1879இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் சில ஆண்டுகள் விலங்குகளில் சோதனை செய்து, 1913இல் ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கணையம் முழுவதையும் எடுக்காமல் 90 சதவீதம் போல எடுத்துவிட்டுக் கொஞ்சத்தை நாயின் உடம்பிலேயே விட்டுவைப்பது அவர் முறை. அப்படிப்பட்ட நாய்க்குச் சாப்பாட்டைக் குறைத்துக் கொடுத்தால் ஓரளவு நன்றாகவே இருக்கும். இஷ்டத்துக்குப் போட்டால் நோய் முற்றும். மிச்சமிருக்கும் இன்சுலின் செல்களும் சிதையும். மாவுச்சத்து மட்டுமல்ல, புரதமோ கொழுப்போ எது அதிகமானாலும் இதே கதிதான். ஆகவே நொய்ந்துபோன கணையத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அதற்கு மொத்தச் சாப்பாட்டையும் குறைக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆலன் வந்தார். நாயைப் பொறுத்தவரை இதில் ஒரு பிழையும் இல்லை. நாயின் கணையத்தை வெட்டியது கத்தி. வெட்டியதோடு கத்தி நின்றுவிட்டது. டைப் 1 குழந்தையின் கணையத்தை உள்ளுக்குள்ளேயே ஒன்று தொடர்ந்து அழித்துக்கொண்டிருக்கிறது, அது எந்த ஓய்வுக்கும் மசியாது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அது புரியத் தொடங்கியதே 1970களில், ரத்தத்தில் அந்த செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான்.

1914 முதல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவன மருத்துவமனையில் ஆலன் இதை மனிதர்களிடம் செயல்படுத்தினார். பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் இதை ஏற்றுக்கொண்டு பரப்பினார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் இரண்டு பேர் 1915இல் இந்தச் சிகிச்சைக்கென்றே ஒரு சின்னக் கையேடு எழுதினார்கள். நடைமுறை என்னவென்று அதில் விலாவாரியாக இருக்கிறது.

வந்தவுடன் 48 மணி நேரம் ஒரு வழக்கமான சாப்பாடு கொடுத்து நோயின் கடுமையை அளப்பார்கள். அப்புறம் பட்டினி. நோயாளி படுக்கையில் இருக்க வேண்டும். காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலும் சர்க்கரையும் சேர்க்காத காபியில் ஓர் அவுன்ஸ் விஸ்கி. விஸ்கி சிகிச்சையின் முக்கியப் பகுதி இல்லையாம். கொஞ்சம் கலோரி கொடுக்கும், பட்டினி கிடக்கிறவருக்கு ஓரளவு இதமாக இருக்கும் என்பதற்காகவாம். தெளிந்த சூப்பும் தண்ணீரும் உண்டு. சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை இதுதான். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் நிற்கும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும்.

நின்றுவிட்டதா என்று பார்க்க பெனடிக்ட் கரைசல் இருந்தது. நீல நிறத் திரவத்தில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்கினால், நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் சிவப்பு வந்தால் நிறைய. வீட்டுக்குப் போன பிறகு பெற்றோரே இதைச் செய்தார்கள். சோதனைக் குழாயில் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு நாளை என்ன சாப்பாடு என்று முடிவாகும்.

சர்க்கரை நின்ற பிறகு காய்கறி. அதுவும் நேரடியாகக் கிடையாது. முட்டைக்கோஸ், கீரை, காலிஃபிளவர் போன்று மாவுச்சத்து மிகக் குறைந்த வகைகளை மட்டும் எடுத்து, வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துக் கொட்டி, மூன்றாவது தடவையும் கொட்டிவிட்டு, மிஞ்சுகிற நாரை மட்டும் தட்டில் வைப்பார்கள். சத்து எதுவும் இருக்காது; வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பிறகு மாவுச்சத்தை நாளுக்குச் சில கிராம் கூட்டிக்கொண்டே போவார்கள். சிறுநீரில் சர்க்கரை தலைகாட்டியதும் நிறுத்தி, மறுபடி ஒரு நாள் பட்டினி. அந்த எல்லைக்குக் கீழே ஓர் அளவை நிர்ணயித்துக்கொண்டு, அப்புறம் முட்டை, இறைச்சி. கடைசியில் மிக மெதுவாகக் கொழுப்பு. எல்லாம் தராசில் நிறுத்துத்தான். இதற்கு மேல் வாரத்தில் ஒரு நாள் முழுப் பட்டினி அல்லது அரைப் பட்டினி. உடற்பயிற்சி சர்க்கரையைக் குறைக்கிறது என்று ஆலன் கண்டிருந்ததால், எலும்பும் தோலுமாக இருந்தவர்களையும் படியேற வைத்தார்கள்.

நோய் லேசானவர்களுக்கு இது அருமையாக வேலை செய்தது. எடை குறைந்தது, சர்க்கரை நின்றது, சாப்பாட்டை ஓரளவு கூட்டிக்கொண்டு பல வருடம் வாழ்ந்தார்கள். கடுமையானவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட எல்லையே ஒரு நாளைக்கு 400, 500 கலோரிதான். அதுவும் நிலையாக நிற்கவில்லை. வரவு குறையக் குறையச் செலவைச் சுருக்கும் குடும்பம்போல, கணையத்தில் மிஞ்சியிருந்த இன்சுலின் குறையக் குறைய உடம்பையே சுருக்கிக்கொண்டு போனார்கள். 20 கிலோ உடம்புக்கு 35 கிலோ உடம்பைவிடக் குறைவான இன்சுலின் போதும் என்பது உண்மைதான். ஆனால் வரவு சுழியத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கோமாவில் சாவதா, பசியில் சாவதா என்பதுதான் கடைசியில் மிஞ்சிய தேர்வு. பட்டினியாலேயே நோயாளிகள் செத்தார்கள் என்பதை ஆலன் மறைக்கவில்லை. சாப்பிட விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பார்கள் என்பது அவர் வாதம். கேட்கக் கொடூரமாக இருந்தாலும், அன்றிருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தில் எனக்குக் குறை காணத் தெரியவில்லை.

1919இல் ஆலனும் இரண்டு சகாக்களும் சேர்ந்து ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். 100 நோயாளிகளில் 76 பேரின் கதை அதில் நாள்வாரியாக இருக்கிறது. நான்காவது ஆள் 12 வயதுச் சிறுவன். நோயால் பார்வை போயிருந்தது. மருத்துவமனைக் கட்டுப்பாட்டில் அத்தனை குறைவாகக் கொடுத்தும் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டை மேலும் மேலும் குறைத்தும் நிற்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, பையன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்றிருக்கிறான். பற்பசையைத் தின்றிருக்கிறான். வார்டில் இருந்த கூண்டுப் பறவைக்கு வைத்த தானியத்தைத் தின்றிருக்கிறான். கண் தெரியாத, நடக்கத் தெம்பில்லாத பிள்ளையால் இது முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீண்ட நாள் நம்பும்படி மறுத்து, கடைசியில் ஒப்புக்கொண்டான் என்று அறிக்கை சொல்கிறது. புரியாத சர்க்கரைக்குக் காரணம் தெரிவதற்குள் பட்டினி எல்லை மீறிப் போயிருந்தது. இறக்கும்போது அவன் எடை 18 கிலோவுக்கும் கீழே. 'பத்தியத்தை மீறினான்' என்ற தொனி அந்த மருத்துவக் குறிப்பில் இருக்கிறது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். எழுதியவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. ஆனால் ஒரு சிகிச்சை தோற்கும்போது பழியை நோயாளியின் மனவுறுதி மேல் போடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். பத்தியத்தை முதுகெலும்பாகக் கொண்ட எந்த வைத்தியத்துக்கும் இந்தச் சௌகரியம் உண்டு.

இன்னொரு பக்கம் எலிசபெத் ஹியூஸ். இவருடைய அப்பா சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் நியூயார்க் ஆளுநராகவும் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்து, 1916 அதிபர் தேர்தலில் நின்று தோற்று, 1921இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சரானவர். 1919இல், 11 வயதில், எலிசபெத்துக்கு நோய் வந்தது. ஆலனிடம் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 34 கிலோ இருந்த பெண். அடுத்த மூன்று வருடம் ஒரு நாளைக்குச் சில நூறு கலோரியில் ஓட்டினார். கூடவே ஒரு நர்ஸ். ஒவ்வொரு கவளத்துக்கும் நிறுவை. அந்தச் சிறுவன் செய்ததைப் போல இவர் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டதாகப் பெரிதாகத் தகவல் இல்லை, அசாத்தியக் கட்டுப்பாடு. அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் டொரொண்டோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. இருந்தும் 1922 ஆகஸ்டில் ஐந்தடி உயரத்துக்கு 20 கிலோதான் இருந்தார். தோல் உலர்ந்து, முடி உதிர்ந்து, நடக்கவே சிரமம்.

அதற்குள் டொரொண்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வேலை முடிந்திருந்தது. பான்டிங்கும் பெஸ்டும் மெக்லியடின் ஆய்வகத்தில் கணையச் சாற்றைத் தயாரித்து, 1922 ஜனவரி 11 அன்று லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்டார்கள். அவனும் ஆலன் முறைப் பத்தியத்தில் 30 கிலோவுக்குள் வற்றியிருந்தவன்தான். முதல் ஊசி சரிப்படவில்லை. அதே குழுவில் இருந்த காலிப் சுத்திகரித்துக் கொடுத்த சாற்றை ஜனவரி 23இல் போட்டபோது சர்க்கரை சரசரவென்று இறங்கியது, கீட்டோன் மறைந்தது. ஹியூஸ் குடும்பம் ஜூலையில் பான்டிங்குக்கு எழுதியபோது கைவசம் போதிய மருந்து இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் ஆகஸ்ட் 16 அன்று, 15ஆவது பிறந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு, எலிசபெத்துக்கு முதல் ஊசி. சில வாரங்களிலேயே நாளுக்கு 2,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டு எடை போட்டார். அப்புறம் படித்து, கல்யாணம் செய்து, மூன்று பிள்ளைகள் பெற்று, 1981இல் 73 வயதில் இறந்தார். மொத்தம் ஏறத்தாழ 42,000 ஊசி போட்டிருப்பார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நோய் இருந்ததையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்தவர்.

1921இல் ஆலன் நியூஜெர்சியின் மாரிஸ்டவுனில் சொந்தமாக ஒரு மருத்துவ நிலையம் தொடங்கியிருந்தார். 1922 ஆகஸ்டில் இன்சுலின் வாங்க டொரொண்டோ போனார். புது மருந்து வருகிறதாம் என்ற செய்தி வார்டுகளில் பரவிவிட்டது. வாரக்கணக்கில் எழுந்திராதவர்கள் சுவரையும் மேஜையையும் பிடித்துக்கொண்டு நடமாடத் தொடங்கினார்களாம். அவர் திரும்பிய இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் வந்து கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். உள்ளே வந்தவர் அத்தனை கண்களையும் பார்த்துவிட்டு, உங்களுக்குக் கொடுக்க ஒன்று கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன் என்ற அளவில்தான் பேச முடிந்தது. அங்கே வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் பின்னாளில் சொன்னது இது.

ஆலன் கொடுமைக்காரரா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. ஆலன் இல்லாவிட்டால் எலிசபெத் 1922ஐப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் பிழைத்தவர்களை வைத்து மட்டும் பத்தியத்தை எடை போட்டால் கணக்கு தப்பும். 1916இல் நோய் வந்த குழந்தைக்கு அதே பத்தியம் தந்தது கூடுதலாகச் சில மாதங்களோ ஒன்றிரண்டு வருடங்களோ பசி மட்டுமே. இன்சுலின் எப்போது வரும், வருமா என்பதே தெரியாமல் பெற்றோர் அந்த முடிவை எடுத்தார்கள். பத்தியத்தை மறுத்து, இருக்கிறவரை பிள்ளை வயிறாரச் சாப்பிடட்டும் என்று விட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இடையில் ஒரு கிளைக்கதை. அதே ஆண்டுகளில் வலிப்பு நோய்க்கும் பட்டினி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வலிப்பு குறைந்தது. பட்டினியில் உண்டாகும் கீட்டோன்தான் காரணம் என்றால், பட்டினி போடாமலே கொழுப்பு மிகுந்த சாப்பாட்டால் அதை உண்டாக்கலாமே என்று 1921இல் சொன்னவர் மேயோ கிளினிக்கின் ரஸல் வைல்டர். அவர் சர்க்கரை நோய் மருத்துவர்! இன்று எடை குறைக்க எல்லோரும் பேசுகிற கீட்டோ உணவின் பிறப்பிடம் அதுதான். மருந்துக்கு அடங்காத குழந்தைப் பருவ வலிப்புக்கு இன்றும் அது முறையான சிகிச்சையாகப் பயன்படுகிறது.

சரி, இரண்டு நோய்க் கதைக்குத் திரும்புவோம். 1936இல் லண்டனில் ஹெரால்ட் ஹிம்ஸ்வர்த், சில நோயாளிகளின் உடம்பு இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது, சிலருடையது கட்டுப்படுவதில்லை என்று சோதனையில் காட்டினார். பிரிவினை அங்கே தொடங்கியது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய குறிப்புகளைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். மெரெடித், பூஷார்தாவின் நோயாளிகள், ஆலனின் 'லேசான' ஆட்கள் பெரும்பாலும் டைப் 2. அவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்தது அறிகுறியை மறைத்த வேலை இல்லை, நோயின் காரணத்தையே தொட்ட சிகிச்சை. நியூகாஸிலில் ராய் டெய்லர் குழு 2011இல் 11 பேருக்கு எட்டு வாரம் நாளுக்கு 600 கலோரி கொடுத்து, ஈரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைவதையும் இன்சுலின் சுரப்பு மீள்வதையும் ஸ்கேனில் பார்த்தது. 2017இல் வெளியான டைரெக்ட் ஆய்வில் 306 பேர். சிகிச்சைப் பிரிவினர் 3 முதல் 5 மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரியில் இருந்தார்கள். ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 4 சதவீதம். இரண்டாம் வருடம் 46 என்பது 36 ஆக இறங்கியது. ஆய்வில் சேர்ந்தவர்கள் நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

டைப் 1க்கு இந்த வாசல் கிடையாது. 'சாப்பாட்டை மாற்றி என் பிள்ளைக்கு இன்சுலினையே நிறுத்திவிட்டேன்' என்று யாராவது சொன்னால், நோய் கண்டுபிடித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், மிஞ்சியிருக்கும் செல்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சுரக்கும். தேவை வெகுவாகக் குறையும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில மாதம், சிலருக்கு ஒரு வருடம் போல இருக்கும். அந்தச் சமயத்தில் எந்தப் பத்தியம் இருந்தாலும் பத்தியம்தான் குணமாக்கியது என்று தோன்றும். மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்கேற்ற அளவு இன்சுலினும் போட்டுக்கொள்வது வேறு விவாதம். அதை மருத்துவரோடு பேசலாம். இன்சுலினை விட்டுவிட்டுப் பத்தியம் மட்டும் என்பதை ஆலன், தராசும் நர்ஸும் மருத்துவமனையும் வைத்துக்கொண்டு, மனிதரால் தாங்கக்கூடிய எல்லைவரை செய்து பார்த்துவிட்டார்.

நடைமுறையில் ஒன்று. காய்ச்சலோ வாந்தியோ வந்து பிள்ளை எதுவுமே சாப்பிடாத நாளிலும் அடிப்படை இன்சுலினை (சாப்பாட்டுக்கென்று இல்லாமல் நாள் முழுக்க வேலை செய்யப் போடுவதை) முழுவதுமாக நிறுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சாப்பிடாவிட்டால் சர்க்கரை எங்கிருந்து வரும் என்று தோன்றும். ஈரலிலிருந்து வரும். தடுக்க இன்சுலின் இல்லாதபோது, வயிறு காலியாக இருந்தாலும் ஈரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், கொழுப்பு உடைந்து கீட்டோன் ஆகிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த மாதிரி நாட்களில் சர்க்கரையோடு கீட்டோனையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். கீட்டோன் ஏறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு ஆழமாக வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.